நாயகன் இல்லாத சதுக்கம்: பிசாரோவின் ஓர் ஓவியம் வழியாக இம்ப்ரஷனிசம்

பாரிஸ் நகரத்தில் ஒரு சதுக்கம். உயரத்தில் ஒரு ஜன்னலிலிருந்து கீழே பார்க்கிறோம். குதிரை வண்டிகள் போகின்றன, குதிரைகள் இழுக்கும் பொதுப் பேருந்துகள் தெரிகின்றன, அவற்றுக்கு இடையில் ஆட்கள் இங்கும் அங்குமாக நடக்கிறார்கள். வானம் இல்லை, தொடுவானம் இல்லை, யாருக்கும் முகம் இல்லை. கமீல் பிசாரோ 1898-இல் வரைந்த 'பிளாஸ் துய் தியாத்ர் பிரான்சே' (பிரெஞ்சு நாடக அரங்கச் சதுக்கம்) என்ற இந்த எண்ணெய் வண்ண ஓவியம் இப்போது அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டி கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு மீட்டர் அகலம்கூட இல்லாத கான்வாஸ்.

இம்ப்ரஷனிசம் என்ற 19-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவிய இயக்கம் என்றால் என்ன என்று கேட்கும் ஆளுக்குப் பெரும்பாலும் குளோத் மோனே என்ற ஓவியரின் அல்லிக்குளத்தைத்தான் காட்டுவார்கள். அழகான படங்கள்தான், ஆனால் அதைப் பார்த்து ஆரம்பிப்பவர்கள் இம்ப்ரஷனிசம் என்றால் பூ, தண்ணீர், மங்கலான இனிமை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நான் இந்தச் சதுக்கத்தைத்தான் காட்டுவேன். இதில் ரசிக்கத் தயாராக வைத்திருக்கும் அழகு எதுவும் இல்லை. போக்குவரத்து இருக்கிறது, பகல் வெளிச்சம் இருக்கிறது, அவரவர் வேலையைப் பார்த்துப் போகும் மனிதர்கள் இருக்கிறார்கள், அவ்வளவுதான். அப்படியும் ஒருவர் மாதக்கணக்கில் ஜன்னலோரம் நின்று இதையே திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார் என்றால், அவர் எதைத் தேடினார் என்று புரிந்துகொள்வதுதான் இம்ப்ரஷனிசத்தைப் புரிந்துகொள்வது.

அதற்கு முன்னால் இருந்த நிலைமையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்ஸில் ஓவியர் என்று பெயர் எடுக்க வேண்டுமானால் ஒரே வழிதான் உண்டு: சலோன் என்ற அரசு ஆதரவு பெற்ற பெரிய கண்காட்சியில் உங்கள் படம் தொங்க வேண்டும். அதற்கு ஒரு நடுவர் குழு. அந்தக் குழுவுக்குப் பிடித்தவை புராணக் காட்சிகள், வரலாற்றுக் காட்சிகள், பெரிய மனிதர்களின் உருவப்படங்கள். படத்தின் நடுவில் ஒரு நாயகன், அவன் மேல் வெளிச்சம், மற்றவர்கள் அவனைச் சுற்றி. தூரிகை ஓடிய தடமே தெரியக் கூடாது, பளிங்கு மாதிரி வழுவழுவென்று முடித்திருக்க வேண்டும். தெருவில் போகும் குதிரை பஸ்ஸை யாராவது வரைந்து எடுத்துக்கொண்டு போனால் அது ஓவியத்துக்கான பொருளே இல்லை என்று திருப்பி அனுப்பக்கூடிய காலம்.

திரும்பத் திரும்ப நிராகரிக்கப்பட்ட சிலர் சேர்ந்து 1874 ஏப்ரல் 15 அன்று சொந்தமாக ஒரு கண்காட்சி நடத்தினார்கள். இடம், புகைப்படக்காரர் நாடார் முன்பு ஸ்டூடியோ வைத்திருந்த, கபுசீன் பெருந்தெருவில் 35-ஆம் எண் கட்டடம். மோனே, ரெனுவார், தேகா, செசான், பெர்த் மொரிசோ, பிசாரோ என்று சுமார் 30 பேர். லூயி லெருவா என்ற விமர்சகர் 'ல ஷாரிவாரி' என்ற நகைச்சுவைப் பத்திரிகையில் இவர்களைக் கிண்டல் செய்து எழுதினார், மோனேயின் 'இம்ப்ரஷன், சூரிய உதயம்' படத்தின் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அவர் வைத்த பெயர்தான் பிறகு எல்லோருக்கும் ஒட்டிக்கொண்டது. இதுவரை எந்த அறிமுகப் புத்தகத்திலும் இருக்கும். எனக்கு முக்கியமாகத் தோன்றுவது அதே விமர்சனத்தில் வரும் இன்னொரு இடம். மோனே அந்தக் கண்காட்சிக்கு வைத்திருந்த படங்களில் ஒன்று கபுசீன் பெருந்தெருவையே மேலிருந்து பார்த்து வரைந்தது, கீழே நடைபாதை நிறைய ஜனங்கள். படத்தின் அடியில் நாக்கால் நக்கிவிட்டது போல இருக்கும் எண்ணற்ற கறுப்புத் தீற்றல்கள் என்ன என்று கேட்டு அதைக் கேலி செய்தார் லெருவா. அவை மனிதர்கள் என்று பதில் சொன்னால், நான் அந்தத் தெருவில் நடக்கும்போது இப்படியா இருக்கிறேன் என்பது அவரது அடுத்த கேள்வி.

அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில்: ஆமாம், மேலே ஜன்னலில் நிற்பவருக்கு நீங்கள் அப்படித்தான் தெரிகிறீர்கள்.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. மொட்டை மாடியில் நின்று கீழே கூட்டமான தெருவைப் பாருங்கள். யாருடைய மூக்கும் காதும் உங்களுக்குத் தெரியாது. ஆனாலும் அதோ போகிறவர் வயதானவர், அவர் பக்கத்தில் வருவது குழந்தை, அந்தப் பெண் அவசரமாகப் போகிறார் என்று ஒரு நொடியில் சொல்லிவிடுவீர்கள். உடம்பு சாயும் கோணம், நடை, உடையின் நிறம், அவ்வளவு போதும். நம் கண் கூர்மையாகப் பார்ப்பது பார்வையின் நடுவில் உள்ள மிகச் சிறிய பகுதியை மட்டும்தான், சுற்றியுள்ள மற்றதெல்லாம் நிறமும் அசைவுமாகத்தான் வந்து சேர்கிறது, மூளை மிச்சத்தை இட்டு நிரப்புகிறது. பழைய பாணி ஓவியர் என்ன செய்வார் என்றால், தனக்குத் தெரிந்ததை வரைவார். மனிதனுக்குக் கை இரண்டு, விரல் பத்து, சட்டையில் பொத்தான் உண்டு, எனவே அதெல்லாம் படத்தில் வந்துவிடும், கண்ணுக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும். இம்ப்ரஷனிஸ்ட் ஓவியர் அந்த அறிவை ஒதுக்கி வைத்துவிட்டு, இந்த நொடியில், இந்த வெளிச்சத்தில், இந்தத் தூரத்திலிருந்து கண்ணில் விழுவதை மட்டும் வரையப் பார்ப்பார். மங்கலாக வரைய வேண்டும் என்று யாரும் திட்டம் போடவில்லை. பார்வைக்கு உண்மையாக இருக்கப் போய் உருவங்கள் அப்படி வந்தன.

பிசாரோவின் சதுக்கத்தில் ஒரு ஆளைப் பெரிதாக்கிப் பார்த்தால் இது தெளிவாகும். தலைக்கு ஒரு கரும்புள்ளி, உடம்புக்கு ஒன்றிரண்டு தீற்றல், காலுக்குக் கீழே நிழலாக இன்னொன்று. அவ்வளவுதான் ஒரு மனிதர். படத்தை மறுபடி சுருக்கினால் அவர் கோட்டு போட்டுக்கொண்டு சாலையைக் கடக்கிறார். அந்த ஒன்றிரண்டு தீற்றல்களைச் சரியான சாய்வில், சரியான இடத்தில் வைப்பதற்குப் பின்னால் ஐம்பது வருஷப் பயிற்சி இருக்கிறது. வரையத் தெரியாதவர்கள் செய்த வேலை இது என்று இன்றைக்கும் சொல்பவர்கள் உண்டு, அவர்கள் ஒரே ஒரு தடவை தாங்களே தூரத்து ஆளை மூன்று தீற்றலில் நடக்கவைக்க முயன்று பார்த்தால் போதும்.

புகைப்படத்தையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். 1838-இல் லூயி தாகேர் பாரிஸின் தாம்ப்ள் பெருந்தெருவை மேலே ஜன்னலிலிருந்து படம் பிடித்தார். பரபரப்பான தெருதான், ஆனால் படத்தில் தெரு காலியாக இருக்கிறது. வெளிச்சத்தைப் பதிய அந்தத் தகட்டுக்குப் பல நிமிடங்கள் வேண்டியிருந்ததால் நகர்ந்துகொண்டிருந்த வண்டிகளும் ஆட்களும் பதியாமலே போனார்கள். காலணிக்கு மெருகு போட்டுக்கொள்ள ஓரிடத்தில் அசையாமல் நின்ற ஒருவர் மட்டும் பதிந்தார். பிறகு கருவிகள் வேகமாகின, நடப்பவர்கள் கலங்கலான கோடுகளாகப் பதிய ஆரம்பித்தார்கள், மோனேயின் கபுசீன் தெருக் கூட்டத்துக்கும் அந்தக் கலங்கலுக்கும் உள்ள ஒற்றுமையைப் பலர் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். அதே தெருவில் 14-ஆம் எண்ணில் இருந்த கிராண்ட் கஃபேயில்தான் 1895 டிசம்பர் 28 அன்று லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு முதன்முதலாகப் பொதுமக்களுக்குச் சினிமா காட்டினார்கள். ஆக, நகரத்தின் அசைவை எப்படிப் பிடிப்பது என்பது அந்தக் காலத்தில் ஓவியர்களுடைய தனிக் கவலை இல்லை. ஊரே அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தது.

சரி, நிறத்துக்கு வருவோம். தரை என்ன நிறம் என்று கேட்டால் சாம்பல் என்றோ மண் நிறம் என்றோ சொல்வோம். பிசாரோவின் சதுக்கத்தில் தரை எந்த ஒரு நிறமும் இல்லை. வெளிர் மஞ்சள், இளஞ்சிவப்பு, லேசான ஊதா, நீலம் கலந்த வெள்ளை, எல்லாம் சின்னச் சின்னத் தீற்றல்களாகப் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. விலகி நின்றால் அது வெளிச்சம் பட்ட தரை. நிழலும் அப்படியே. நிழல் என்றால் கறுப்பு அல்லது பழுப்பு என்று பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டு வருகிறோம். ஆனால் வெயில் நேரத்தில் வெளியே விழும் நிழலுக்குள் சூரியனின் நேரடி வெளிச்சம் போகாவிட்டாலும் வானத்தின் நீல வெளிச்சம் போகிறது, அதனால் அந்த நிழலில் நீலமோ ஊதாவோ ஏறியிருக்கும். இதைக் கண்ணால் கவனித்து, துணிந்து கான்வாஸில் போட்டவர்கள் இம்ப்ரஷனிஸ்டுகள். பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் இரண்டு நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக்காட்டும் என்பதை மிஷேல் ஷெவ்ரூல் என்ற வேதியியலாளர் 1839-லேயே புத்தகமாக எழுதியிருந்தார், அவர் துணிச்சாயம் போடும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஆரஞ்சுக்குப் பக்கத்தில் நீலத்தை வைத்தால் இரண்டுமே கூடுதலாக ஒளிரும்.

இங்கே ஒரு தவறான விளக்கம் எல்லா இடத்திலும் சுற்றுகிறது: இம்ப்ரஷனிஸ்டுகள் நிறங்களைக் கலக்கவே மாட்டார்கள், தனித்தனியாக வைப்பார்கள், அவை பார்ப்பவர் கண்ணுக்குள் கலக்கும் என்று. பாதிதான் சரி. பிசாரோ தட்டில் நிறையவே கலப்பார், வெள்ளையை அள்ளிச் சேர்ப்பார், அதனால்தான் இந்தப் படங்களுக்கு அந்தப் பால் மாதிரியான வெளிர்த்தன்மை. சாதாரணமாக நின்று பார்க்கும் தூரத்தில் தீற்றல்கள் கண்ணில் முழுசாகக் கலந்துவிடுவதும் இல்லை, தனித்தனியாகத் தெரிந்துகொண்டேதான் இருக்கின்றன. கலந்தும் கலக்காமலும் இருக்கும் அந்த நிலையில்தான் படம் துடிக்கிறது.

அவர்கள் வெளியில் போய் வரைய முடிந்ததற்கு இரண்டு சாதாரணப் பொருட்களும் காரணம். ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் 1841-இல் மடக்கிப் பிழியும் உலோகக் குழாயில் வண்ணத்தை அடைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார், அதற்கு முன்னால் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருப்பார்கள், எடுத்துக்கொண்டு ஊர் சுற்ற முடியாது. இன்னொன்று தட்டையான பிரஷ், முடியைத் தகரப்பட்டியால் இறுக்கிப் பிடித்தது. சதுரமான, தனித்துத் தெரியும் தீற்றல் அதில்தான் சுலபமாக வரும்.

ஆனால் பிசாரோ இந்தச் சதுக்கத்தை வெளியில் நின்று வரையவில்லை. ஏன் ஜன்னலுக்குப் போனார் என்பதைத் தெரிந்துகொண்டு படத்தைப் பார்ப்பது நல்லது.

அவர் 1830-இல் கரீபியனில், அப்போது டென்மார்க் ஆட்சியில் இருந்த செயின்ட் தாமஸ் தீவில், ஒரு யூத வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். பிரான்ஸுக்கு வந்தபின் வாழ்நாளின் பெரும்பகுதி கிராமங்களில்தான். வயல், ஆப்பிள் தோட்டம், சந்தை, களை எடுக்கும் பெண்கள். 1874-க்கும் 1886-க்கும் இடையில் நடந்த எட்டு இம்ப்ரஷனிஸ்ட் கண்காட்சிகளிலும் பங்கெடுத்த ஒரே ஓவியர் அவர். செசானும் கொகெனும் அவரிடம் கற்றுக்கொண்டவர்கள். வயதான பிறகு கண்ணில் தீராத தொற்று வந்தது, கண்ணீர்ப்பையில் சீழ் பிடிக்கும், அறுவை சிகிச்சைகள் செய்தும் போகவில்லை. காற்றும் தூசியும் பட்டால் மோசமாகும். திறந்தவெளியில் நின்று வரைவதையே வாழ்க்கையாக வைத்திருந்தவருக்கு இது எவ்வளவு பெரிய அடி என்று யோசித்துப் பாருங்கள். அவர் கண்டுபிடித்த வழி, நகரங்களில் நல்ல காட்சி தெரியும் ஜன்னலுள்ள அறையை வாடகைக்கு எடுத்து, கண்ணாடிக்குப் பின்னால் நின்று வரைவது. ருவான் துறைமுக நகரத்தில் அப்படிச் செய்தார். 1897 பிப்ரவரியில் பாரிஸில் ஒரு ஹோட்டல் அறையிலிருந்து மோன்மார்த்ர் பெருந்தெருவை வரிசையாக வரைந்தார்.

அதே வருஷம் நவம்பரில் அவருடைய மகன் ஃபெலிக்ஸ் லண்டனில் காசநோயால் இறந்துபோனார். வயது 23. மகனும் ஓவியர். அடுத்த மாதமே பிசாரோ பாரிஸில் கிராண்ட் ஹோட்டல் துய் லூவ்ரில் அறை எடுத்தார். டிசம்பர் 15 அன்று லண்டனில் இருந்த மூத்த மகன் லூசியனுக்கு எழுதிய கடிதத்தில், ஓபரா அவென்யூ முழுவதும் தெரியும் அருமையான இடம் கிடைத்திருக்கிறது, அசிங்கம் என்று எல்லோரும் சொல்லும் இந்தப் பாரிஸ் தெருக்கள் எவ்வளவு வெள்ளியாக, எவ்வளவு ஒளியோடு, உயிரோடு இருக்கின்றன, இது முழுக்க நவீனமானது என்று சொல்கிறார். மகனைப் புதைத்து ஒரு மாதம் ஆகாத மனிதர் எழுதிய வரிகள் இவை. நான் இந்தப் படங்களைப் பார்க்கும்போது அதை மறக்க முடிவதில்லை.

அசிங்கம் என்று சொல்லப்பட்டதற்குக் காரணம் உண்டு. அந்தப் பகுதி புதிது. 1853 முதல் 1870 வரை செய்ன் மாவட்ட நிர்வாகியாக இருந்த ஓஸ்மான், பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் ஆதரவோடு, பழைய பாரிஸின் குறுகிய சந்துகளை இடித்து நேர்கோட்டில் அகலமான பெருந்தெருக்களை வெட்டினார். ஏழைகள் ஆயிரக்கணக்கில் வீடிழந்து விளிம்புக்குத் தள்ளப்பட்டார்கள். ஓபரா அவென்யூ அந்தத் திட்டத்தில் பிறந்து, 1870-களில் முடிக்கப்பட்டது. ஓபரா மாளிகையை எதுவும் மறைக்கக் கூடாது என்பதற்காக அதில் மரமே வைக்கவில்லை. 1878-இல் உலகக் கண்காட்சியின்போது மின்விளக்கு எரிந்த தெரு அது. அந்த அவென்யூவின் ஒரு முனையில் ஓபரா மாளிகை, மறுமுனையில் நம்முடைய சதுக்கம். பக்கத்தில் இருக்கும் கொமெடி பிரான்சேஸ் நாடக அரங்கத்தால் சதுக்கத்துக்கு அந்தப் பெயர், இன்றைக்கு அதை ஆந்த்ரே மல்ரோ சதுக்கம் என்கிறார்கள். 1870-களில் அமைத்த இரண்டு நீரூற்றுகள் இப்போதும் அங்கே நிற்கின்றன, பிசாரோவின் வரிசைப் படங்களில் அவற்றைத் தேடிப் பாருங்கள்.

ஒரே மாதிரி உயரமான கட்டட முகப்புகள், நேரான தெரு, இரைச்சல். ரசனையுள்ளவர்கள் பழைய பாரிஸை நினைத்து ஏங்கிக்கொண்டிருந்தார்கள். பிசாரோ ஏங்கவில்லை. எதிரே இருப்பதைப் பார்த்தார்.

இப்போது படம் எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். மரபான நகரக் காட்சி என்றால் நடுவில் ஒரு நினைவுச்சின்னம், அதை நோக்கி எல்லாக் கோடுகளும் ஓடும். இங்கே வரலாற்றுப் புகழ் பெற்ற நாடக அரங்கம் பக்கத்திலேயே இருந்தும், அதன் பெயரே சதுக்கத்துக்கு இருந்தும், அவர் அதை நடுவில் கொண்டுவந்து வைக்கவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் படத்தில் வானத்தையே வெட்டி எறிந்துவிட்டதால் தரை செங்குத்தாக எழுந்து நிற்பது போலத் தோன்றுகிறது, கான்வாஸ் முழுவதும் சதுக்கம்தான். உங்கள் கண் எங்கே போய் நிற்க வேண்டும் என்று படம் சொல்வதில்லை. ஒரு பஸ்ஸில் தொடங்கி, நாலு ஆட்களைத் தாண்டி, ஒரு வண்டிக்குப் போய், மறுபடி ஆட்களுக்கு வரும். கீழே நிற்கும் மனிதருக்கு நடப்பதும் அதுதான், சதுக்கத்தில் நாம் அப்படித்தான் பார்க்கிறோம்.

இப்படி மேலிருந்து சாய்த்துப் பார்ப்பதற்கும், உருவங்களை ஓரத்தில் வெட்டுவதற்கும் ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்கள் ஒரு தூண்டுதல். 1893-இல் பாரிஸில் ஹிரோஷிகே, உதமாரோ அச்சுப் படங்களின் கண்காட்சியைப் பார்த்துவிட்டு, ஹிரோஷிகே அற்புதமான இம்ப்ரஷனிஸ்ட் என்று மகனுக்கு எழுதினார் பிசாரோ.

இன்னொரு காரணமும் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். பிசாரோ அராஜகவாதி. அதாவது அரசு, ஆண்டை, மேல்கீழ் வரிசை எதுவும் இல்லாமல் மனிதர்கள் தாங்களாகவே ஒருவருக்கொருவர் ஒத்துழைத்து வாழ முடியும் என்று நம்பிய அரசியலைச் சேர்ந்தவர், அந்தப் பத்திரிகைகளுக்குப் பணமும் படமும் கொடுத்தவர். இந்தச் சதுக்கத்தைப் பாருங்கள், பணக்காரரின் சொந்த வண்டிக்கும் கூலிக்காரர் ஏறும் குதிரை பஸ்ஸுக்கும் ஒரே அளவு தீற்றல்தான். யாரும் யாரைவிடவும் பெரியவரில்லை. யாரும் கட்டளையிடாமலே அந்தக் கூட்டம் ஒன்றையொன்று மோதாமல் நகர்கிறது. படத்தில் அரசியல் முழக்கம் எதுவும் இல்லை, அவர் அப்படிச் செய்ய விரும்பவும் இல்லை. ஆனால் பார்க்கும் விதத்திலேயே ஒருவரின் நம்பிக்கை வந்துவிடும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம் இதுதான்.

அப்புறம், வேகம். இம்ப்ரஷனிஸ்ட் படம் என்றால் ஒரே உட்காரலில் முடித்த படம் என்று பலர் நினைக்கிறார்கள். சில படங்கள் அப்படியும் உண்டு. பிசாரோ அந்த அறையில் 1898 வசந்தம் வரை இருந்து சுமார் 15 படங்கள் வரைந்தார். பல கான்வாஸ்களை ஒரே சமயத்தில் தொடங்கி வைத்துக்கொள்வார், மழை பெய்தால் மழைப் படத்தை எடுப்பார், வெயில் வந்தால் வெயில் படத்தை எடுப்பார், அதே வெளிச்சம் திரும்பும்போது விட்ட இடத்திலிருந்து தொடர்வார். மோனே 1891-இல் வைக்கோல் போர்களையும் 1895-இல் ருவான் தேவாலயத்தையும் இப்படி வரிசையாகக் காட்டியிருந்தார், ஆனால் வைக்கோல் போர் நகராது. பிசாரோவுக்கு வெளிச்சமும் மாறுகிறது, எதிரே இருக்கும் ஒவ்வொரு ஆளும் வண்டியும் நொடிக்கு நொடி மாறுகின்றன. எனவே அவர் வரைந்தது எந்த ஒரு குறிப்பிட்ட நொடியையும் இல்லை. பல நாள், பல நூறு பார்வைகளை அடுக்கி, ஒரே நொடி மாதிரித் தெரியும்படி கட்டியிருக்கிறார். இதைப் புரிந்துகொண்டால் 'அவசரத்தில் தீட்டிய படம்' என்ற குற்றச்சாட்டுக்கு இடமே இருக்காது.

வேகத்தைப் பற்றி அவர் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டார். 1885 வாக்கில் தன்னைவிட ஏறக்குறைய 30 வயது இளையவரான ஜார்ஜ் சூராவைச் சந்தித்து, அவருடைய புள்ளிமுறைக்கு மாறினார், கணக்குப் போட்டது போல ஒவ்வொரு நிறத்தையும் தனிப் புள்ளியாக வைக்கும் முறை. ஐம்பத்தைந்து வயதில், பெயர் எடுத்த பிறகு, இளைஞரிடம் போய்ப் புதிதாகக் கற்றுக்கொள்ளும் துணிவு எனக்கு ரொம்பப் பிடித்தது. நாலைந்து வருஷம் அப்படி வரைந்துவிட்டு, அந்த முறை தன்னுடைய உணர்வின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை என்று விட்டுவிட்டார். ஆனால் அந்தப் பயிற்சி வீண் போகவில்லை. சதுக்கத்தின் தரையில் அவ்வளவு நிறங்கள் சின்னதாக உடைந்து கிடக்கின்றனவே, அது அங்கிருந்து வந்தது.

அந்த ஜன்னலுக்குக் கீழே அந்தக் குளிர்காலத்தில் எல்லாம் அமைதியாக இருந்தது என்றும் நினைக்க வேண்டாம். ஆல்ஃபிரட் டிரைஃபஸ் என்ற யூத ராணுவ அதிகாரி செய்யாத உளவுக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டிருந்தார். 1898 ஜனவரி 13 அன்று எமில் ஸோலா 'லொரோர்' நாளிதழில் குடியரசுத் தலைவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி அதை அம்பலப்படுத்தினார், பாரிஸ் தெருக்களில் யூதர்களுக்கு எதிரான கும்பல்கள் கூச்சல் போட்டன. பிசாரோ ஸோலாவின் பக்கம் நின்றார். தெருவில் அப்படி ஒரு கும்பலுக்கு நடுவிலேயே நடந்து போக நேர்ந்ததைக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். பல வருஷ நண்பர்களான தேகாவும் ரெனுவாரும் அவரைத் தவிர்த்தார்கள். அந்தத் தெருக்களைத்தான் அவர் காலையில் ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் நின்று அவ்வளவு பரிவோடு வரைந்துகொண்டிருந்தார். படத்துக்குள் அந்தக் கசப்பு எங்கேயும் இல்லை, அதை நான் தப்பித்தல் என்று சொல்ல மாட்டேன்.

ஒரே ஒரு படத்தை வைத்து இம்ப்ரஷனிசம் இதுதான் என்று வரையறுத்துவிடவும் கூடாது. அதே பாரிஸை அதே குழுவைச் சேர்ந்தவர்கள் வேறு வேறு விதமாகப் பார்த்திருக்கிறார்கள். ரெனுவார் 1872-இல் போன் நெஃப் பாலத்தை ஒரு கஃபேயின் மேல்தளத்திலிருந்து வரைந்தபோது, அவருடைய தம்பி எட்மோன் கீழே போய் வழிப்போக்கர்களை நிறுத்தி மணி கேட்பாராம், அவர்கள் பதில் சொல்ல நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் அண்ணன் உருவத்தைக் குறித்துக்கொள்வார். குஸ்தாவ் கய்போத்தின் 'பாரிஸ் தெரு, மழை நாள்' 1877-இல் வந்தது, இப்போது சிக்காகோவில் இருக்கிறது. இரண்டு மீட்டருக்கும் அதிகமான உயரம், குடை பிடித்த தம்பதி கிட்டத்தட்ட ஆள் உயரத்தில் நம்மை நோக்கி நடந்து வருகிறார்கள், தீற்றல்கள் அடங்கி, கல் பாவிய தரை பளபளக்கிறது, பிசாரோவின் கைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாதது போலிருக்கும். தேகாவோ 1875 வாக்கில் கொன்கோர்ட் சதுக்கத்தை ஏறக்குறைய காலியாகவே வரைந்தார், ஓரத்தில் நண்பர் லெபிக், அவருடைய இரண்டு பெண் குழந்தைகள், ஒரு நாய், ஆளுக்கொரு பக்கம் பார்க்கிறார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு தொலைந்துபோனதாகவே கருதப்பட்ட அந்தப் படம் 1995-இல் ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் வெளியே காட்டப்பட்டது. கை வேறு, மனநிலை வேறு. எல்லோருக்கும் பொதுவாக இருந்தது, தன் காலத்துத் தெருவை, தற்செயலாகக் கண்ணில் பட்ட கோணத்திலேயே வரையலாம், அதற்குப் புராணம் தேவையில்லை என்ற முடிவு.

நீங்களே பார்க்க விரும்பினால், பெரிய அருங்காட்சியகங்கள் இந்தப் படங்களை நல்ல தரத்தில் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. முதலில் படம் முழுவதையும் திரையில் வைத்து, பெரிதாக்காமல், கொஞ்ச நேரம் பேசாமல் பாருங்கள். என்ன நேரம், என்ன பருவம், குளிரா வெயிலா என்று யூகித்துப் பாருங்கள், படத்தில் எங்கே அது எழுதியிருக்கிறது என்று தேடுங்கள். அப்புறம் ஏதாவது ஒரு மூலையைப் பெரிதாக்கிக்கொண்டே போங்கள், வண்டி எந்த இடத்தில் வண்டியாக இருப்பதை நிறுத்தி வெறும் வண்ணமாகிறது என்று பாருங்கள். அந்த எல்லையைக் கண்டுபிடிப்பதுதான் என்னைப் பொறுத்தவரை இந்தப் படங்களோடு செய்யக்கூடிய மிக இன்பமான காரியம். கைபேசித் திரையில் ஒரு குறை உண்டு, வண்ணத்தின் கனம் தெரியாது, அசலில் தீற்றல்கள் மேடு தட்டி நிற்கும், பக்கவாட்டு வெளிச்சத்தில் அவற்றின் நிழலே விழும்.

லாஸ் ஏஞ்சலஸ் படத்தை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்த வேண்டாம். அமெரிக்காவின் மினியாபொலிஸில் அதே சதுக்கத்தின் மழைப் படம் இருக்கிறது, ஈரத் தரையில் குடைகளும் வண்டிகளும், பின்னால் அவென்யூ ஓபராவை நோக்கி மங்கிக்கொண்டே போகும். ஹெர்மிடாஜில் வசந்தம், மரங்கள் பச்சையாகிவிட்டன. மாஸ்கோவின் புஷ்கின் அருங்காட்சியகத்தில் பனி விழுந்த காலை. நாலையும் நாலு ஜன்னலாகத் திறந்து வைத்துக்கொண்டு, நிறத்தை விட்டுவிட்டு ஆட்களை மட்டும் பாருங்கள், மழையில் அவர்கள் எப்படி நடக்கிறார்கள், பனியில் எப்படி, வெயிலில் எத்தனை பேர் அவசரமில்லாமல் நிற்கிறார்கள் என்று. அது முடிந்ததும் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் 'மோன்மார்த்ர் பெருந்தெரு, இரவு' படத்துக்குப் போகலாம், 1897-இல் வரைந்தது, அந்தத் தெரு வரிசையில் அது ஒன்றுதான் இரவுக் காட்சி. கடை விளக்கின் மஞ்சளையும் தெருவிளக்கின் வெள்ளையையும் வண்டி விளக்குகளையும் அவர் எப்படித் தனித்தனியாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார் என்று பாருங்கள், சதுக்கத்தில் பகல் வெளிச்சத்துக்குச் செய்ததையே அங்கே இருட்டுக்குச் செய்திருப்பார்.